சுவரோடு ஒரு ஆட்டம் – ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ்

(விளையாட்டுப் பகுதி – பொது அறிவுக் கட்டுரை)
எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி



சுவத்துல பந்து அடிச்சா நம்ம வீட்டுல என்ன கிடைக்கும்? திட்டுதான் கிடைக்கும். "சுண்ணாம்பு எல்லாம் உதிருது, போய் வேற வேலை இருந்தா பாரு" என்பார்கள். ஆனால் சுவரில் பந்து அடிப்பதற்கு என்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. அதை நன்றாக அடித்தவர்களுக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். அப்படித் தங்கம் வாங்கியவர்களில் நம்ம சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருக்கிறார். அந்த விளையாட்டின் பெயர் ஸ்குவாஷ்.

கபடி, கோ-கோ, வளையப்பந்து எல்லாம் நமக்குத் தெரியும். கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்குவாஷ் என்றால் நிறைய பேர் "ஜூஸ் பாட்டிலா?" என்று கேட்பீர்கள். அதனால்தான் இந்தத் தாளை எழுதுகிறேன். நின்று முழுசாகப் படியுங்கள். கடைசியில் கேள்விகளும் இருக்கு.

1. ஸ்குவாஷ் வேறு, ராக்கெட்பால் வேறு

சுவரில் மட்டையால் பந்து அடிக்கும் ஆட்டங்கள் உலகத்தில் பல உண்டு. அதில் இரண்டை எல்லோரும் குழப்பிக் கொள்வார்கள். ஒன்று ஸ்குவாஷ், இன்னொன்று ராக்கெட்பால்.

ராக்கெட்பால் அமெரிக்காவில் பிறந்தது. 1950-ல் ஜோ சோபெக் என்பவர் உருவாக்கினார். அந்த அறை 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். பந்து பெரியது, நன்றாகத் துள்ளும். மட்டை குட்டையானது. அதில் மேல்கூரையிலும் பந்தை அடிக்கலாம். வட அமெரிக்க, தென் அமெரிக்க நாடுகள் சேர்ந்து நடத்தும் பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டியில் 1995-ல் அதைச் சேர்த்தார்கள். மெக்சிகோ நாட்டு வீராங்கனை பவோலா லாங்கோரியா அதில் பெரிய பெயர்.

நம்ம ஆசிய விளையாட்டுப் போட்டியில் ராக்கெட்பால் இல்லை. இங்கே இருப்பது ஸ்குவாஷ். இதில் பந்து சின்னது, எடை சுமார் 24 கிராம்தான். மட்டை நீளமாக இருக்கும். கூரையில் பந்து பட்டால் அவுட். அறையின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். அதாவது சுமார் 32 அடிக்கு 21 அடி.

2. இந்த ஆட்டம் எங்கே பிறந்தது?

இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. 200, 250 வருஷத்துக்கு முன்னால் லண்டன் நகரத்தில் கடன் வாங்கித் திருப்பிக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் போடுவார்கள். அங்கே பொழுது போகாது. மைதானம் கிடையாது, வலை கிடையாது. இருந்தது உயரமான சிறைச் சுவர் மட்டும்தான். அந்தச் சுவரில் மட்டையால் பந்து அடித்து விளையாடினார்கள். அந்த ஆட்டத்துக்கு ராக்கெட்ஸ் என்று பெயர்.

அது பிறகு பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஹாரோ என்ற பள்ளிக்கூடத்துக்குப் போனது. 1830 வாக்கில் அங்கே படித்த மாணவர்கள் ஓட்டை விழுந்த பந்தை வைத்து ஆடிப் பார்த்தார்கள். அந்தப் பந்து சுவரில் பட்டதும் சப்பென்று நசுங்கியது, அதிகம் துள்ளவில்லை. அதனால் இன்னும் வேகமாக ஓடி அடிக்க வேண்டி இருந்தது. ஆட்டம் இன்னும் சுவாரசியமாக ஆனது. 'ஸ்குவாஷ்' என்றால் நசுங்குவது என்று அர்த்தம். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ஆக, முதலில் ஆடியவர்கள் ஒன்றும் இல்லாதவர்கள். அடுத்து மாற்றி அமைத்தவர்கள் நம்மை மாதிரி பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது இந்த ஆட்டத்தையும் கொண்டு வந்தார்கள். ஆனால் ராணுவ முகாமிலும் பெரிய கிளப்புகளிலும்தான் கோர்ட் கட்டினார்கள். கிளப் உறுப்பினராக இருந்தால்தான் உள்ளே போக முடியும். ஒரு சுவர் போதும் என்று தொடங்கின ஆட்டம் நாலு சுவருக்குள்ளே பூட்டப்பட்டுவிட்டது.

3. எப்படி ஆடுவது?

டென்னிஸ், பூப்பந்து ஆட்டத்தில் நடுவில் வலை இருக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஸ்குவாஷில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே அறைக்குள், ஒரே பக்கம் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் எதிரே முன் சுவர்.

• ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டும். பந்து எப்படியும் முன் சுவரைத் தொட வேண்டும்.
• முன் சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தகரப் பட்டை இருக்கும். அதில் பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், புள்ளி போச்சு. (பெரிய சர்வதேசப் போட்டிகளில் இந்த உயரத்தை இன்னும் குறைப்பதுண்டு.)
• மேலே 4.57 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு. அதில் பட்டாலும் அதைத் தாண்டினாலும் அவுட்.
• பக்கச் சுவரிலும் பின் சுவரிலும் பட்டு வரலாம். ஆனால் தரையில் ஒருமுறைதான் குத்தலாம். இரண்டாவது முறை குத்துவதற்குள் அடிக்க வேண்டும்.
• ஒரு ஆட்டத்துக்கு 11 புள்ளி. 10-10 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னிலை பெற வேண்டும். 5 ஆட்டத்தில் 3 ஜெயித்தால் வெற்றி.

இன்னொரு விஷயம். இரண்டு பேரும் ஒரே அறையில் ஓடுவதால் மோதிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எதிராளி பந்தை அடிக்க வழி விடவேண்டும் என்பது சட்டம். வழியை மறித்தால் நடுவர் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொல்லலாம், சில சமயம் எதிராளிக்கே கொடுத்துவிடலாம். எதிரிக்கும் வழி விட்டுத்தான் ஜெயிக்கணும்! இது எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம்.

4. நம்ம அறிவியல் பாடமும் ஸ்குவாஷும்

ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருக்கிறோம். பந்தும் கிட்டத்தட்ட அப்படித்தான் திரும்புகிறது. நேராக அடித்தால் நேராக வரும். சாய்த்து அடித்தால் அடுத்த பக்கம் சாய்ந்து போகும். (பந்து சுழன்றால் கொஞ்சம் மாறும்.) நல்ல ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு, முதலில் பக்கச் சுவரில் அடித்து, அங்கிருந்து முன் சுவருக்கு அனுப்பி, எதிராளி நினைக்காத மூலையில் பந்தை விழ வைப்பார்கள்.

அடுத்தது வெப்பம். ஸ்குவாஷ் பந்து ரப்பரால் ஆனது, உள்ளே காற்று. புதுப் பந்தைக் கீழே போட்டால் கொஞ்சம்கூட எழும்பாது, செத்த எலி மாதிரி கிடக்கும். அதனால் ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து அதை அடித்து அடித்துச் சூடாக்குவார்கள். அடிக்க அடிக்கப் பந்து நசுங்கி விரிவதால் வெப்பம் உண்டாகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் கூடுகிறது. ரப்பரும் இளகித் துள்ளுகிறது.

சோதனை செய்து பார்க்க: ஒரே மாதிரி இரண்டு ரப்பர் பந்து எடுங்கள். ஒன்றை மண்பானைத் தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். இன்னொன்றை நண்பகல் வெயிலில் வையுங்கள். (அடுப்புப் பக்கம் வேண்டாம்!) தண்ணீரில் இருந்ததைத் துடைத்துவிட்டு, இரண்டையும் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விடுங்கள். ஒருவர் சுவர் ஓரம் அளவுகோல் பிடிக்க, எது அதிகம் எழும்புகிறது என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

5. ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ்

ஆசிய விளையாட்டுப் போட்டி முதன்முதலில் 1951-ல் நம்ம புதுடெல்லியில் நடந்தது. ஆனால் ஸ்குவாஷ் அதில் சேர்ந்தது 1998-ல், பாங்காக் நகரில்தான். அந்த முதல் போட்டியிலேயே பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் யார் தெரியுமா? மலேசியாவின் நிக்கோல் டேவிட். அப்போது அவருக்கு வயது 15! நம்ம பத்தாம் வகுப்பு அக்காக்களின் வயது. அவர் பிறகு உலகச் சாம்பியன் பட்டத்தை 8 முறை வென்றார். ஒன்பது வருஷம் தொடர்ந்து உலகத்தில் முதல் இடத்தில் இருந்தார்.

இந்தியா வாங்கிய பதக்கங்கள்:

2006 தோஹா – சவுரவ் கோஷல், ஒற்றையரில் வெண்கலம். ஆசிய விளையாட்டு ஸ்குவாஷில் நம் நாட்டின் முதல் பதக்கம் இதுதான்.
2010 குவாங்சோ – 3 வெண்கலம். குழுப் போட்டி சேர்க்கப்பட்டதும் நம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே பதக்கம் வாங்கின.
2014 இஞ்சியோன் – ஆண்கள் அணிக்குத் தங்கம். பெண்கள் அணிக்கு வெள்ளி. சவுரவ் வெள்ளி. தீபிகா பல்லிகல் வெண்கலம்.
2018 ஜகார்த்தா – பெண்கள் அணிக்கு மறுபடி வெள்ளி. தீபிகா, ஜோஷ்னா சின்னப்பா, சவுரவ், ஆண்கள் அணி – நாலு வெண்கலம்.
2022 ஹாங்சோ (கொரோனாவால் 2023-ல் நடந்தது) – 2 தங்கம், 1 வெள்ளி, 2 வெண்கலம்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, உள்ளே இருக்கும் மூன்று ஆட்டங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

(அ) 2014, இஞ்சியோன். சவுரவ் கோஷல் இறுதி ஆட்டத்தில் குவைத் வீரருக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார். இன்னும் ஒன்றுதான் வேண்டும். ஆனால் அடுத்த மூன்றையும் தோற்றுவிட்டார். தங்கம் கையில் வந்து நழுவிப்போனது. நாமாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுவோம். அவர் சில நாளிலேயே குழுப் போட்டியில் ஆடி, இந்தியாவுக்கு முதல் ஸ்குவாஷ் தங்கத்தை வாங்கித் தந்தவர்களில் ஒருவராக நின்றார்.

(ஆ) 2018, ஜகார்த்தா. பெண்கள் அணி அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. நம்ம ஜோஷ்னாவுக்கு எதிரே நின்றவர் நிக்கோல் டேவிட்! அந்த நிக்கோலை ஜோஷ்னா தோற்கடித்தார். இந்தியா இறுதிக்குப் போனது.

(இ) 2023, ஹாங்சோ. ஆண்கள் அணி இறுதி ஆட்டம், எதிரணி பாகிஸ்தான். ஆளுக்கு ஒரு வெற்றி, 1-1. கடைசியாகச் சென்னையைச் சேர்ந்த அபய் சிங் ஆடினார். ஐந்தாவது ஆட்டத்தில் 8-10 என்று பின்தங்கினார். இன்னும் ஒரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து தொடர்ந்து 4 புள்ளி எடுத்து 12-10 என்று ஜெயித்தார். தங்கம்! அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடித்தது பந்தை, நகர்ந்தது ஆட்டம்.

6. பதினாலு வயசும் முப்பத்தொன்பது வயசும்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெண் தோழிகள் கட்டாயம் படிக்கவும். ஆண் தோழர்களும் படிக்கவும், வீட்டில் அக்கா தங்கை இருப்பார்கள் அல்லவா.

நம்ம பக்கத்தில் ஏழாம் வகுப்பு வரைக்கும் கோ-கோ ஆடிய பெண் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிறாள். கேட்டால், "பெரிய பொண்ணு ஆயிட்ட, இனிமே என்ன ஓட்டம்?" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்கிறாள். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கல்யாணப் பேச்சும் வந்துவிடுகிறது. அதாவது ஒரு பெண்ணின் விளையாட்டு பதினாலு வயசில் முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள்.

ஜோஷ்னா சின்னப்பா சென்னைக்காரர். 2000-ம் வருஷம் பெரியவர்களுக்கான தேசியச் சாம்பியன் பட்டத்தை முதன்முறை வென்றபோது அவருக்கு வயது 14. அங்கேதான் அவருக்கு ஆட்டம் தொடங்கியது. 2005-ல் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான பிரிட்டிஷ் ஜூனியர் பட்டத்தை வென்றார். ஹாங்சோவில் ஆடும்போது வயது 37. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பையை இந்தியா முதன்முதலாக வென்றது. இறுதியில் ஹாங்காங்கை 3-0 என்று தோற்கடித்தார்கள். அந்த அணியில் ஜோஷ்னா, அபய் சிங், தமிழ்நாட்டு வீரர் வேலவன் செந்தில்குமார், டெல்லியைச் சேர்ந்த அனாஹத் சிங் ஆகிய நாலு பேர். அப்போது ஜோஷ்னாவுக்கு வயது 39, அனாஹத்துக்கு 17. ஒரே அணியில் சித்தியும் அக்கா மகளும் ஆடுவது மாதிரி! அந்த அனாஹத்தும் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போனபோது வயது 14 தான்.

தீபிகா பல்லிகலும் சென்னைக்காரர். உலகத் தரவரிசையில் முதல் 10 இடத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபிகாவும் ஜோஷ்னாவும் இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். 2021-ல் தீபிகாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. "இனிமே அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில், குழந்தை பிறந்து சுமார் ஆறு மாதத்தில், உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவோடு ஒரு பட்டம், சவுரவோடு கலப்பு இரட்டையரில் ஒரு பட்டம் என்று இரண்டு பட்டம் வென்றார். அடுத்த வருஷம் ஹாங்சோவில் ஹரிந்தர் பால் சந்துவோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் தங்கம். இறுதி ஆட்டத்தில் மலேசியாவை எதிர்த்து எடுத்த புள்ளி 11-10, 11-10. இரண்டு ஆட்டத்திலும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

7. தீபிகா போட்ட கணக்கு

தீபிகாவைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். அவர் 2012 முதல் 2015 வரை நாலு வருஷம் தேசியப் போட்டிக்கே போகவில்லை. காயமா? இல்லை. தேசியப் போட்டியில் ஜெயித்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத் தொகை கிடையாது. 2015-ல் ஆண் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய், பெண் சாம்பியனுக்கு 50,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆணுக்கு 100 ரூபாய் என்றால் பெண்ணுக்கு 42 ரூபாய்கூட வரவில்லை. அறை ஒன்றே, பந்து ஒன்றே, தகரப் பட்டை ஒன்றே. பரிசு மட்டும் ஏன் வேறு என்று கேட்டார். சமமாகத் தரும்வரை ஆடமாட்டேன் என்றார்.

2016-ல் இரண்டு பேருக்கும் சமமான பரிசு அறிவித்தார்கள். அவர் திரும்பி வந்து ஆடினார். அந்த வருஷப் பட்டத்தையும் வென்றார்.

இதில் யோசிக்க ஒன்று இருக்கு. ஜோஷ்னா அந்த வருஷங்களிலும் தேசியப் போட்டியில் ஆடினார். ஒருவர் ஆடாமல் நின்றார், இன்னொருவர் ஆடினார். ஆனாலும் இருவரும் அதே காலத்தில்தான் ஒன்றாக நின்று கிளாஸ்கோ தங்கம் வாங்கினார்கள். கருத்து வேறாக இருந்தாலும் சேர்ந்து ஆடலாம் என்று நமக்குத் தெரிகிறது. நம்ம ஊர்க் களை எடுக்கும் வேலையில்கூட ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலிதான். தீபிகா கேட்ட கேள்வி ஸ்குவாஷுக்கு மட்டும் இல்லை.

8. எல்லை தாண்டியும் இதே கதை

தெற்காசிய விளையாட்டுப் போட்டி என்று இன்னொன்று இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகள் ஆடும். 2016-ல் அசாம் மாநிலம் குவஹாத்தியில் ஸ்குவாஷ் நடந்தது. பெண்கள் ஒற்றையர் இறுதியில் ஜோஷ்னா முதல் ஆட்டத்தைத் தோற்று, அடுத்த மூன்றையும் ஜெயித்துத் தங்கம் வாங்கினார்.

தோற்றவரின் கதையையும் கேளுங்கள். அவர் பெயர் மரியா தூர்பகாய் வசீர். பாகிஸ்தானின் வசீரிஸ்தான் மலைப் பகுதியில் பிறந்தவர். அங்கே பெண்கள் வெளியே விளையாட முடியாது. சின்ன வயதில் தன் பெண் உடைகளை எரித்துவிட்டு, முடியை வெட்டிக்கொண்டு, பையன் பெயர் வைத்துக்கொண்டு பையனாகவே விளையாடினார். ஸ்குவாஷ் கற்றுக்கொள்ளப் போனபோது பிறப்புச் சான்றிதழ் கேட்டதால் பெண் என்று தெரிந்துவிட்டது. பிறகு தாலிபான்களின் மிரட்டல். வெளியே போக முடியாமல் வீட்டு அறைச் சுவரிலேயே பந்து அடித்துப் பயிற்சி செய்தார். கடைசியில் கனடா நாட்டுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அன்றைக்கு அவர் வெள்ளிதான் வாங்கினார். ஆனால் அந்த மைதானம் வரைக்கும் வந்து நின்றதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கடல் கடந்த தமிழ்ப் பெண் ஒருவரும் உண்டு. மலேசியாவின் சிவசங்கரி சுப்பிரமணியம். 2018 ஆசிய விளையாட்டு இறுதியில் நிக்கோல் டேவிட்டிடம் தோற்று வெள்ளி வாங்கினார். 2022-ல் ஒரு கார் விபத்தில் பலத்த காயம் பட்டது, அந்த வருஷக் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியவில்லை. மறு வருஷம் ஹாங்சோவில் பெண்கள் ஒற்றையர் தங்கம் அவருக்குத்தான்.

9. நமக்கு என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல்ல வேண்டும். ஜோஷ்னாவின் அப்பாவே ஸ்குவாஷ் ஆட்டக்காரர். தீபிகாவின் அம்மா இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடியவர். அவர்கள் வீட்டில் "போய் ஆடு" என்று சொன்னார்கள். சென்னை நேரு பூங்காவில் ஸ்குவாஷ் அகாடமி இருக்கிறது. நம்ம ஊரிலிருந்து அங்கே போக ஒரு முழு நாள் வேண்டும். அப்பா அம்மா காட்டு வேலைக்கும், சிலர் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போகிற வீட்டில் மட்டை வாங்கவே யோசிக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் "நீயும் முயற்சி செய், ஜெயித்துவிடலாம்" என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் ஸ்குவாஷை முதன்முறையாகச் சேர்த்தார்கள். 2023-ல் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்க முடிவு செய்தது. ஒலிம்பிக்கில் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் கோர்ட் கேட்கலாம். கோர்ட் வந்தால் பெண்களுக்கும் நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவரை?

அதுவரை சுவர் இருக்கிறது. ஜன்னல் இல்லாத சுவர் ஒன்று போதும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இப்படி ஆடலாம்:

• சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்குக் கீழே பட்டால் அவுட். கைக்கு எட்டும் உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு முழம் தள்ளி மேல்கோடு.
• தரையில் ஏழு தப்படி அகலம், பத்துத் தப்படி நீளத்துக்குக் கட்டம்.
• மட்டைக்குப் பரீட்சை அட்டை அல்லது பலகையில் செதுக்கிய மட்டை. பந்து மெத்தென்ற ரப்பர் பந்து மட்டும். கார்க் பந்து வேண்டவே வேண்டாம்.
• ஒருவர் மாற்றி ஒருவர், ஒரே குத்து, 11 புள்ளி.
• பெரிய ஜூனியர் போட்டிகளில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நம்மிடம் அது இல்லை. அதனால் மட்டையை ஓங்கி வீசாமல், பக்கத்தில் ஆள் இருந்தால் அடிக்காமல் நிறுத்திவிட வேண்டும்.
• விளையாட்டுப் பாடவேளையில் பாதி நேரம் பையன்கள், பாதி நேரம் பெண்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கட்டாயம் ஆட வேண்டும். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை, அதுவே இருக்கும்.

சுவர் ஆண், பெண் பார்ப்பதில்லை. பணம் உள்ள வீடா, இல்லாத வீடா என்றும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அதற்கு ஏற்ற மாதிரிதான் திருப்பித் தருகிறது. யார் முன்னால் வந்து நிற்கலாம் என்று தீர்மானிப்பது மனிதர்கள்தான். அதனால் படித்துவிட்டுப் போகும்போது பெண் தோழிகள் இந்தத் தாளில் உள்ளதை வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள். முக்கியமாக 14-ம் 39-ம் என்ற இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.

கேள்வி நேரம்

1. ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் எந்த ஆண்டு, எந்த நகரில் சேர்க்கப்பட்டது?
2. ஸ்குவாஷ் பந்தை ஆட்டத்துக்கு முன் ஏன் சூடாக்குகிறார்கள்?
3. ராக்கெட்பாலுக்கும் ஸ்குவாஷுக்கும் இரண்டு வித்தியாசம் எழுதுக.
4. ஹாங்சோவில் கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற இருவர் யார்?
5. தீபிகா நாலு வருஷம் தேசியப் போட்டியில் ஏன் ஆடவில்லை? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் ஆடியிருப்பீர்களா, மாட்டீர்களா? காரணத்தோடு ஐந்து வரி எழுதுக.

முதல் நாலுக்கு விடை இந்தத் தாளிலேயே இருக்கு. ஐந்தாவதுக்கு விடை உங்களிடம்தான் இருக்கு. எழுதிப் பெயர், வகுப்புப் போட்டு சுவரிதழ்ப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். நல்ல பதில்கள் அடுத்த தாளில் இடம்பெறும்.